மாட்டுச் சாப்பாட்டில் படுத்த முயல்

எங்கள் வீட்டு வைக்கோல் படப்பிலிருந்து அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு தாள் உருவ முடியாது. உருவினால், எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டுவாள். தாழக்குடிப் பக்கம் பிளாட் போட்டது போக மிஞ்சிய வயலில் எங்களுக்கும் ஒரு துண்டு இருக்கிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். கன்னிப்பூவில் போட்ட படப்பு, கும்பப்பூ அறுப்பு வரும்வரை பசுவுக்குத் தாங்கியாக வேண்டும். அதனால் கார்த்திகை, மார்கழியில் அம்மா படப்பைப் பார்க்கும் பார்வையும் மாதக் கடைசியில் நான் பர்ஸைப் பார்க்கும் பார்வையும் ஒன்றுபோல் இருக்கும்.

அப்படியொரு கார்த்திகையில்தான் வீட்டுக்கு இரண்டு முயல்களும் இரண்டு கினிப்பன்றிகளும் வந்து சேர்ந்தன. பரீட்சையில் முதல் மார்க் எடுத்தால் கேட்டதை வாங்கித் தருகிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். எடுக்க மாட்டாள் என்ற நம்பிக்கைதான். எடுத்துவிட்டாள். நாகர்கோவிலில் ஒரு கடையில் வாங்கினோம். முயல் இரண்டும் பெண் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். அவர் சொன்ன தோரணையைப் பார்த்தால் ஜாதகமே கணித்து வைத்திருப்பார் என்று தோன்றியது.

கினிப்பன்றிக்குப் பெயர் வைத்தவரை நான் பார்த்ததில்லை. பார்த்தால் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. அது கினியிலிருந்து வந்ததும் இல்லை, பன்றியும் இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்கள் ஆயிரக்கணக்கான வருஷமாக அடுப்படியில் வளர்த்து, விசேஷ நாளில் சமைத்துச் சாப்பிட்டு வரும் பிராணி. பெரு நாட்டில் இன்றைக்கும் விருந்து என்றால் அது இலையில் இருக்கும். இந்தத் தகவலை மகளிடம் சொன்னதற்கு அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அம்மா கூண்டுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, “பெருச்சாளிக்கு வால் எங்க மக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

மகள் ஓர் ஆங்கிலப் புத்தகமும் வைத்திருந்தாள். முயலுக்கும் கினிப்பன்றிக்கும் ‘ஸ்ட்ரா’ பரப்பிப் படுக்க வைத்தால் சொகுசாக இருக்கும் என்று அதில் போட்டிருந்ததாம்.

“இளநி குடிக்கிற குழலா?” என்றாள் அம்மா.

சிரித்தோம். யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னதில் தப்பே இல்லை. 1888இல் மார்வின் ஸ்டோன் என்ற அமெரிக்கர் காகிதக் குழலுக்குக் காப்புரிமை வாங்குவதற்கு முன்பு, அந்த நாட்டார் வைக்கோல் தாளை வைத்துத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயர்தான் இன்றைக்கு நம்மூர் இளநீர் வரை வந்து நிற்கிறது.

மகள் விளக்கினாள். வெள்ளைக்காரனுக்கு இதில் இரண்டு சரக்கு. கோதுமை, பார்லி அறுத்த பிறகு மிஞ்சும் தாள் ‘ஸ்ட்ரா’. அதில் பெரிதாகச் சத்து கிடையாது. படுக்கப் போடத்தான் லாயக்கு. பச்சைப் புல்லைப் பதம் பார்த்து அறுத்து உலர்த்தினால் அது ‘ஹே’. அது தின்பதற்கு. படுக்க ஸ்ட்ரா, தின்ன ஹே. மாற்றிவிடக் கூடாது.

“ஹேன்னு சொன்னா நம்ம ஊர்ல மாடுதான் திரும்பிப் பாக்கும்” என்றாள் அம்மா.

சிக்கல் இங்கேதான். நாஞ்சில் நாட்டில் தின்பதும் வைக்கோல்தான், படுப்பதும் வைக்கோல்தான்; அதுவும் படுப்பதற்கு என்று தின்றது போக மிச்சம் இருந்தால்தான். எந்த மாடும் மிச்சம் வைப்பதில்லை. மகள் கூண்டுக்கு ஒரு கை வைக்கோல் கேட்டதும் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. “மாடு திங்கிற சாதனத்துல மொசலு படுக்கணுமா? நாளைக்கு நீ சோத்துல படுப்பியா? உங்க தாத்தா வைக்கோல்ல கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுவாவ, தெரியுமா?”

தெரியும். நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அன்று ராத்திரி, சொந்தப் படப்பிலேயே திருடினேன். காலையில் அம்மா படப்பைச் சுற்றி வந்து, “கீழ்ப்பக்கம் நாய் படுத்திருக்கு போல” என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். வைக்கோல் படப்பில் படுத்த நாயைப் பற்றி நம்மூரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது.

திருடிய வைக்கோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு கையால் அறுத்து, களத்தில் சூடடித்து, மாடு மிதித்த வைக்கோல் நீளமாக, மெத்தென்று இருக்கும். சின்ன வயதில் அதில் குதித்துப் புரண்டு, உடம்பெல்லாம் சுணை ஏறி, ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே கிடந்திருக்கிறோம். இப்போது வருவது இயந்திர அறுப்பு. வயலில் போன பாதையெல்லாம் தாளை ஒடித்துத் துப்பிவிட்டுப் போகிறது. பின்னால் இன்னொரு இயந்திரம் வந்து அதைப் பாயாகச் சுருட்டிக் கட்டுகிறது. ஒடிந்த தாளின் நுனி ஒவ்வொன்றும் ஊசி. போதாததற்கு நெல் வைக்கோலில் சிலிக்கா கூடுதல். மணலும் அதே இனம்தான். தரையோடு தரையாக ஓடும் கினிப்பன்றிக்கு அந்த நுனி கண்ணில் குத்திவிடும். ஒரு சாயங்காலம் முழுக்க நான் திண்ணையில் உட்கார்ந்து வைக்கோலை விரலால் தடவி, நுனி பார்த்து, தூசி தட்டி, மெத்து மெத்தென்று இருந்ததை மட்டும் பொறுக்கினேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கவில்லை என்று என் மனைவி சொன்னாள்.

கூண்டு இரண்டு. ஒரே கூண்டில் போடக் கூடாது. முயல் பின்னங்காலால் ஒரு உதை விட்டால் கினிப்பன்றி தாங்காது. இரண்டிலும் பழைய பேப்பர் விரித்து, மேலே வைக்கோலைப் பஞ்சணை போலப் பரப்பினோம். கினிப்பன்றிகள் உள்ளே விட்ட கணமே வைக்கோலுக்கு அடியில் புகுந்து ஒரு சுரங்கம் போட்டுவிட்டன. மூன்று நாள் அவற்றை யாரும் பார்க்கவில்லை. கீச்சுச் சத்தம் கேட்டது. கீரைத்தண்டு மட்டும் மாயமாய் மறைந்தது.

முயல்கள் படுக்கையை முகர்ந்தன. கொஞ்சம் தின்றன. பிறகு மொத்தத்தையும் முன்னங்காலால் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, கூண்டைத் திறந்த நேரம் பார்த்து வெளியே வந்து, திண்ணையின் சிமெண்டுத் தரையில் வயிற்றை அழுத்தி நாலு காலையும் நீட்டிப் படுத்துவிட்டன.

அம்மாவுக்கு வெற்றிக் களிப்பு. எனக்கு அப்புறம்தான் உறைத்தது. முயலுக்கு வியர்க்காது. சூடு வெளியேறுவதற்கு அதற்குப் பெரிய வழி அந்தக் காதுதான். 30 டிகிரி தாண்டினாலே அதற்கு மூச்சு வாங்கும். அந்தப் புத்தகம் எழுதப்பட்டது பனி கொட்டும் ஊரில். உள்ளே பொந்தாக இருக்கும் வைக்கோல் தாள் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு சூடு கொடுக்கும் என்பது அங்கே வரம். கடற்காற்றும் புழுக்கமும் சேர்ந்து வேகவைக்கும் நம்மூரில் அது, சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திவிடுகிற உபசாரம். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் முயல் வளர்க்கிறதே, அந்தக் குளிரில் பிறந்திருந்தால் இந்த இரண்டும் வைக்கோலைக் கண்டு சந்தோஷப்பட்டிருக்கும்.

ஈரம் அதற்கு மேல். வைக்கோல் மூத்திரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. அடியில் இறக்கிவிடும், அவ்வளவுதான். இரண்டு நாள் மாற்றாமல் விட்டால் அடியில் பூஞ்சணம், மேலே கண்ணெரிக்கும் அம்மோனியா நெடி. வடகிழக்குப் பருவமழை மாதத்தில் மாற்று வைக்கோலை எங்கே காய வைப்பது? ஒரு நண்பர் யோசனை சொன்னார்: அடியில் தேங்காய் நார்த்தூள் பரப்பு, ஈரத்தைக் குடித்துவிடும். குடித்தது. வெள்ளை முயல் இரண்டும் மறுநாள் காலை சிரட்டை நிறத்தில் எழுந்து வந்தன. மகள் அழுதாள். தூளை அள்ளித் தென்னை மூட்டில் போட்டேன்.

இப்படியாக டிசம்பர் 20 தாண்டியது. எங்கள் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்புப்படி நூற்றுக்கு 46 பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். அதனால் டிசம்பரில் வைக்கோலுக்கு மாட்டோடு போட்டி போட இன்னொரு தேவையும் வந்துவிடும்: குடில். அடுத்த வீட்டு அண்ணாச்சியின் பையன்கள் வருஷா வருஷம் எங்கள் படப்பில்தான் வந்து நிற்பார்கள். அம்மா ஒரு வருஷமும் இல்லை என்று சொன்னதில்லை. அந்த வருஷமும் கட்டு நிறைய உருவிக் கொடுத்தாள்.

“மொசலுக்கு மட்டும் இல்லையா?” என்று மகள் கேட்டாள்.

“அது பிள்ளை படுக்கதுக்குட்டி. பிள்ளைக்கு இல்லேன்னு சொல்ல முடியுமா?”

24ஆம் தேதி காலை கூண்டில் ஒரு முயலைக் காணவில்லை. வேலி இடுக்கில் வெள்ளை முடி. போய்ப் பார்த்தால் அண்ணாச்சி வீட்டுக் குடிலுக்கு முன்னால் ஒரு கூட்டமே நிற்கிறது. குழந்தை இயேசுவை நள்ளிரவுப் பூசை முடிந்த பிறகுதான் வைப்பார்கள். அதுவரை அந்த இடம் காலி. அந்தக் காலியிடத்தில் எங்கள் முயல் உட்கார்ந்து, வாய் நிறைய வைக்கோலைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு, சுற்றிலும் அணைகட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சு முடியைத் தானே பிடுங்கி நடுவில் பரப்பியிருந்தது. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்து முதல் குடிலைப் போட்டாராம். முயலை அவர் சேர்த்ததாகத் தெரியவில்லை.

“மன்னிக்கணும் அண்ணாச்சி” என்று கையைப் பிசைந்தேன்.

“சத்திரத்துல இடமில்லாமத்தானவே வந்திருக்கு” என்றார் அவர்.

பின்னாலேயே வந்த அம்மா ஒரு பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். “சவத்து மனுசா, இது சினையாட்டுல்லா இருக்கு!” என்றாள். யாரைச் சொன்னாள், கடைக்காரரையா என்னையா என்று இன்றுவரை கேட்கவில்லை. முயலுக்குச் சினைக்காலம் 31 நாள். ஒரு ‘பெண்’ முயல் வந்த முதல் வாரத்திலேயே வேலையை முடித்திருக்கிறது.

முயலை முந்தானையில் பொதிந்து தூக்கி வந்தாள் அம்மா. மரப்பெட்டி ஒன்றைக் கழுவித் துடைத்தாள். படப்பின் நடுவில் கையை முழங்கை வரை விட்டு, மழையும் வெயிலும் படாத, இத்தனை நாள் பசுவுக்கே கொடுக்காமல் வைத்திருந்த வைக்கோலை உருவினாள். “தின்னாம படுக்கட்டு” என்றாள். எனக்குக் காது கேட்டதா என்று சந்தேகம்.

கிறிஸ்துமஸ் காலையில் ஆறு குட்டிகள். முடியில்லாமல், கண் திறக்காமல், வைக்கோலுக்கும் தாய் முடிக்கும் நடுவில் புழுப்போல நெளிந்தன. குளிர் தெரிகிற உடம்பு அதுகளுக்குத்தான். வைக்கோல் படுக்கை எங்கள் ஊரிலும் செல்லுபடியான ஒரே இடம் அது. பதினோராம் நாள் கண் திறந்தன.

இரண்டாவது ‘பெண்’ இப்போது தனிக்கூண்டில் இருக்கிறது. குட்டிகளும் தாயை விட்டுத் தனியாகத் தின்ன ஆரம்பித்துவிட்டன. வேண்டுகிறவர்கள் வரலாம், காசு வேண்டாம். குட்டிக்கு ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுங்கள். கையறுப்பு வைக்கோலாக இருந்தால் இரண்டு குட்டியாகத் தருவாள்.