மூட்டுவலி போச்சு, முகம் உருண்டு போச்சு!

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோர்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் பற்றியே. யாரோ நன்றாகக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்.

கே: ‘காலையில் முகம் உப்பியிருந்தால் கோர்டிசோல் ஏறிவிட்டது என்று அர்த்தம்’ என்கிறார் டிக்டாக்கில் ஒரு பெண். கண்ணாடியைப் பார்த்தேன். என் முகமும் உப்பித்தான் இருக்கிறது! — வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

ப: முந்தின இரவு பதினொரு மணிக்கு மமாக் கடையில் மெகி கோரெங் சாப்பிட்டீர்களா? அந்த உப்புக்கே முகம் உப்பும். கோர்டிசோல் எக்கச்சக்கமாகி முகம் உருண்டு போவது உண்மைதான். ஆனால் அது தனியாக வராது. வயிறு பெருத்துக் கைகால் மெலியும், வயிற்றில் ஊதா நிறத்தில் பட்டைபட்டையாகக் கோடு விழும், லேசாக இடித்தாலே தோல் கன்றும், தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது. ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மருத்துவர் 1932-ல் இதை விவரித்து எழுதியதால் நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. உடம்புக்குள் கட்டி வந்து இப்படி ஆகிறவர்கள் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் இரண்டு மூன்று பேர்தான். டிக்டாக்கில் மட்டும் எல்லாருக்கும் இருக்கிறது.

கே: கோர்டிசோல் நல்லதா, கெட்டதா? ஒரே வரியில் சொல்லவும். — ஆசிரியர், ஷா ஆலம்

ப: அது இல்லாவிட்டால் இந்தக் கேள்வியை எழுத நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள், ஐயா.

கே: தினமும் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம். என் கோர்டிசோலுக்கு யார் பொறுப்பு? — கிள்ளான்வாசி

ப: பொதுப்பணி அமைச்சு என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் நெரிசலில் ஏறுகிற கோர்டிசோல் கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அதை நேரம் பார்த்துத்தான் சுரக்கிறது: விடியற்காலையில் ஏற்றி உங்களை எழுப்பும், நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறக்கித் தூங்க விடும். இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் போவதுதான் தொல்லை. இரவு வேலை, அரைகுறைத் தூக்கம், படுக்கையிலும் ஓயாத அலுவலகப் புலனக் குழு எல்லாம் அந்தக் கணக்கைக் கெடுக்கும். வாரத்துக்கு 48 மணியாக இருந்த வேலை நேரத்தை 2023 ஜனவரி முதல் 45 ஆக மலேசியச் சட்டம் குறைத்துவிட்டது. உங்கள் மேலாளரின் புலனத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

இன்னொன்று. ஈரலைச் சர்க்கரை தயாரித்து ரத்தத்தில் விட வைப்பதும் கோர்டிசோலின் வேலைதான். 2023 தேசியச் சுகாதார ஆய்வுப்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருக்கிறது. நீங்களும் அந்தக் கணக்கில் இருந்தால், தூக்கமும் மருந்துபோலத்தான். ஒரு வேளையும் தவறக்கூடாது.

கே: அம்மாவுக்கு முட்டிவலி. பாசார் மாலாமில் வாங்கிய ஜாமு மூலிகை மாத்திரையில் மூன்றே நாளில் ஓடிப்போனது. ஆறு மாதமாக விடாமல் சாப்பிடுகிறார். இப்போது முகம் நிலாவாகிவிட்டது, சர்க்கரையும் எகிறுகிறது. டாக்டர் கோர்டிசோல் பார்க்கச் சொல்கிறார். வேருக்கும் தழைக்கும் கோர்டிசோலுக்கும் என்ன சம்பந்தம்? — மகள், கிள்ளான்

ப: வேருக்கும் தழைக்கும் சம்பந்தமில்லை, தங்கச்சி. அதோடு அரைத்துக் கலந்த டெக்ஸாமெத்தசோனுக்குத்தான் சம்பந்தம்.

இது ஸ்டீராய்டு மருந்து. வீரியத்தில் கோர்டிசோலைவிட ஏறக்குறைய 25 மடங்கு. ஸ்டீராய்டுக்கு வலி பறந்துபோவது ஒன்றும் புதிதல்ல. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த பெண்ணுக்கு ஃபிலிப் ஹெஞ்ச் கார்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950-ல் ஹெஞ்சுக்கும் அவரோடு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள்ளேயே முகம் உருளுவதும் எலும்பு நொறுங்குவதும் தெரிய வந்துவிட்டது. உலகம் அன்று கற்ற பாடத்தை நம் ஜாமு வியாபாரி பாதிவரை மட்டும் படித்திருக்கிறார்.

பரிசோதனையில் அம்மாவின் கோர்டிசோல் குறைவாக வரக்கூடும். திகைக்காதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு கொட்டுகிறது என்றதும் மூளை அட்ரீனலுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும், சுரப்பியும் தூங்கிப்போகும். அதனால் கோபத்தில் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்! திடீரென்று நிறுத்தினால் வாந்தியும் மயக்கமும் வரும், ரத்த அழுத்தம் விழும், உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு அப்படியே டாக்டரிடம் போங்கள். படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது அவர் வேலை.

பெட்டாலிங் ஜெயாவிலிருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இப்படிக் கலப்படம் செய்த பொருள்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டுப் பதிவையும் ரத்து செய்கிறது. பதிவு பெற்ற மருந்தானால் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்க எண் இருக்கும். பாரம்பரிய மருந்தென்றால் கடைசியில் ‘டி’ எழுத்து வரும், மினுமினுக்கும் ஹாலோகிராம் ஒட்டும் இருக்கும். எண்ணைப் போலியாகவும் அச்சடிக்கிறார்கள், அதனால் நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். முகம் வெளுக்க என்று பெயரில்லாத டப்பாவில் விற்கும் கிரீமுக்கும் இதே பேச்சுதான்.

கே: முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் கோர்டிசோல் ‘ஹை’ என்று வந்துவிட்டது. தூக்கமே போச்சு. — பெட்டாலிங் ஜெயா

ப: எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள்? காலையில் அது கூடுதலாகத்தான் இருக்கும். ஊசியைக் கண்டு பயந்தாலும் ஏறும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் எண் கூடுதலாகவே காட்டும். உண்மையிலேயே சந்தேகம் என்றால் நள்ளிரவு எச்சில், 24 மணி நேரச் சிறுநீர், அல்லது இரவு பதினொன்றுக்கு ஒரு மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் விழுங்கி மறுநாள் காலை எட்டு மணிக்கு ரத்தம். மேலே சொன்ன அதே வில்லன்தான், டாக்டர் கையில் நல்லவனாகிவிடுகிறான். ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு தூக்கத்தைத் தொலைத்தால் அதற்கே கோர்டிசோல் ஏறும்.

கே: பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றோர் செய்யும் மசாஜுக்குப் போனால் கோர்டிசோல் 31 விழுக்காடு குறையுமாமே? — புக்கிட் ராஜா

ப: 2005-ல் வந்த கட்டுரையின் கணக்கு அது. 2011-ல் வேறு சிலர் எல்லா ஆய்வுகளையும் கூட்டிப் பார்த்தபோது அது மிகச் சொற்பமாகிவிட்டது. தோள்வலி குறைந்தால் போதாதா? போய்வாருங்கள், பேரம் பேசாமல் காசு கொடுங்கள்.

கே: அமுக்கரா? — செர்டாங்

ப: கோர்டிசோல் சற்றுக் குறைவதாகச் சின்னச் சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. சிலருக்கு ஈரலைப் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-ல் தடையே போட்டது. கர்ப்பிணிகளும் தைராய்டுக்காரர்களும் தொடவே வேண்டாம்.

கே: பத்துமலைக்குக் காவடி எடுத்தால் மனப்பாரம் குறையுமா? — கோம்பாக்

ப: மொரிஷியஸில் தைப்பூசக் காவடி எடுக்கும் தமிழர்களைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வுக் குழு 2019-ல் கட்டுரை வெளியிட்டது. அதிக வலியைத் தாங்கியவர்களே பிறகு மனம் அதிகம் தெளிந்ததாகச் சொன்னார்களாம். முருகன் கோர்டிசோலை அளந்து பார்ப்பதில்லை. ரத்தக்கொதிப்பு இருந்தால் மட்டும் 272 படி ஏறுமுன் மாத்திரையை மறக்காதீர்கள்.

கே: தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, யாரிடமும் சொல்ல முடியவில்லை. இதுவும் கோர்டிசோல்தானா? — பெயர் வேண்டாம், செந்தூல்

ப: ஹார்மோன் பேச்சை விடுங்கள், அம்மா. இன்றே யாரிடமாவது வாய்விட்டுப் பேசுங்கள். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ மனநல உதவி எண் 15555. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, நடுராத்திரியிலும் எடுப்பார்கள். அரசாங்க கிளினிக்குக்கும் போங்கள், குடிமக்களுக்கு ஒரே ஒரு வெள்ளிதான். பேசிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பெயர் போடமாட்டேன்.