கண்ணைக் கேட்டால் கல்லீரல் பதில் சொல்லும்

இந்த வாரம் கேள்விகள் கண்ணைப் பற்றி மட்டும் என்று ஆசிரியர் அறிவித்துவிட்டார். வந்த கடிதங்களைப் பிரித்தால், முக்கால்வாசிப் பேருக்கு வியாதி கண்ணில் இல்லை. அது வேறெங்கோ சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, புகார் கொடுக்கக் கண்ணை அனுப்பி வைத்திருக்கிறது.

எனக்கு மூன்று நாளாக வலது கண் துடிக்கிறது. ஆண்களுக்கு வலது துடித்தால் நல்லது என்கிறார்களே, என்ன வரும்?
*- ப.செ., பெருந்துறை*

அசோகவனத்தில் சீதைக்கு இடக்கண் துடித்தது, அனுமன் வந்தார். உங்களுக்கு வர வேண்டியது தூக்கம். நாலாவது காபியையும் நள்ளிரவு ரீல்ஸையும் நிறுத்திப் பாருங்கள், தானாக அடங்கும். துடிப்பு இமையோடு நிற்காமல் கன்னம், வாய்க்கோடி என்று கீழே இறங்கினால் சமாசாரம் வேறு. பெரும்பாலும் மூளைக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் முக நரம்பை இடித்துக்கொண்டிருக்கும். அப்போது பஞ்சாங்கம் உதவாது, நியூரோ டாக்டர் உதவுவார்.

சுகர் வந்து 12 வருஷம் ஆகிறது. பார்வை ஜோராக இருக்கிறது. எதற்கு வீணாகக் கண் டாக்டருக்கு அழ வேண்டும்?
*- ரா.கி., உடுமலைப்பேட்டை*

பார்வை ஜோராக இருக்கும்போதே போகத்தான். சுகர் விழித்திரையின் பொடி ரத்தக்குழாய்களை அரிக்கும்போது வலிக்காது, சிவக்காது, எழுத்து மங்கக்கூட மங்காது. மங்குகிற அன்றைக்குக் காரியம் பாதி கெட்டிருக்கும். நடுவயதில் வருகிற டைப் 2 சுகருக்கு, தெரியவந்த உடனேயே முதல் கண் பரிசோதனை. அப்புறம் பொதுவாக வருஷம் ஒன்று. 12 வருஷ பாக்கி வைத்திருக்கிறீர்கள். சொட்டு விட்டுப் பாவையை விரித்துப் பார்ப்பார்கள், அதனால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

கண்ணுக்குள் பார்த்தே உடம்பைச் சொல்லிவிடுவார்களாமே, நிஜமா?
*- தமிழ்ச்செல்வி, மன்னார்குடி*

நிஜம். உடம்பில் எங்கும் கத்தி வைக்காமல் ரத்தக்குழாயை நேருக்கு நேர் பார்க்க முடிகிற இடம் விழித்திரை. 1851 வரை கண்மணி டாக்டர்களுக்கு வெறும் கறுப்புப் புள்ளி. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன்காரர் வெளிச்சத்தை உள்ளே அனுப்பி, அது திரும்பி வருகிற வழியிலேயே பார்க்க ஒரு கருவி செய்தார். அதன் பிறகு பி.பி., சுகர், மண்டைக்குள் ஏறுகிற அழுத்தம் எல்லாம் அங்கே அகப்பட்டுக்கொள்கின்றன.

2018-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் விழித்திரைப் படங்களைக் கணினிக்குக் காட்டிப் பழக்கினார்கள். வயதைச் சொன்னது, பி.பி.யைச் சொன்னது, ஆணா பெண்ணா என்றும் சொன்னது. எதைப் பார்த்து ஆண், பெண் பிரிக்கிறது என்று கண் டாக்டர்களுக்கே பிடிபடவில்லை. 'இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்? ஆளைப் பார்த்தா தெரியாதா?' என்றார் என் வீட்டம்மா. மேல்முறையீடு செய்யவில்லை.

கருவிழியின் கோடுகளை வைத்துக் கிட்னியைச் சொல்லும் 'இரிடாலஜி' பற்றி?
*- ஜெ.ம., நாகர்கோவில்*

1979-இல் அமெரிக்காவில் சோதித்தார்கள். 143 பேரின் கருவிழிப் படங்களைக் கொடுத்து, யாருக்குக் கிட்னி கோளாறு என்று கேட்டார்கள். மூன்று இரிடாலஜி நிபுணர்களும் கோட்டை விட்டார்கள். கிளி ஜோசியத்தில் கிளிக்காவது ஒரு நெல் கிடைக்கிறது.

என் மாமியாருக்குக் காலையில் கண் பளிச்சென்று இருக்கிறது. சாயங்காலம் ஆனால் இமை தொங்கிவிடுகிறது. எனக்கு வேலை வைக்கிற நடிப்போ என்று சந்தேகம்.
*- பேர் போடாதீர்கள், நாமக்கல்*

சாயங்காலம் சீரியல் நேரம், தாயே. நடிக்கிறவர் அந்த நேரத்திலா இமையைத் தொங்க விடுவார்? மயஸ்தீனியா கிராவிஸாக இருக்கலாம். நரம்பு கொடுக்கிற உத்தரவைத் தசை வாங்கிக்கொள்கிற இடத்தை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அடைத்துவிடுகிறது. அதனால் உழைக்க உழைக்கத் தசை சோரும், ஓய்வெடுத்தால் தேறும்.

ஒரு அழகான சோதனை இருக்கிறது. ஐஸ் கட்டியைக் கையுறையிலோ துணியிலோ சுற்றி, மூடிய இமை மேல் இரண்டு நிமிஷம் வைப்பார்கள். எடுத்ததும் தொங்கின இமை சில மில்லிமீட்டர் மேலே ஏறும். சூடு ஏற ஏற மறுபடி இறங்கும். மாமியார் முகத்துக்கு நேராக ஐஸ் டிரேயோடு போய் நிற்காதீர்கள், டாக்டர் செய்யட்டும்.

1934-இல் லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற டாக்டருக்கு ஒரு பொறி தட்டியது. இந்த நோயாளிகளின் சோர்வு, அம்பு நுனியில் தடவும் கியூராரே விஷம் ஏறினவர்களின் சோர்வு போலவே இருக்கிறதே என்று, அந்த விஷத்துக்கான முறிவு மருந்தைக் கொடுத்தார். இமை எழுந்தது. அதே வழியில் வந்த மாத்திரையைத்தான் இன்றும் கொடுக்கிறார்கள். இந்த நோய் வந்த கப்பல் கோடீஸ்வரர் ஒனாஸிஸ் இமையை டேப் போட்டு ஒட்டி நிறுத்தி, மேலே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். உங்கள் மாமியாருக்கு விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அது அவசரப் பிரிவுக்கான விஷயம்.

மெட்ராஸ் ஐ, பார்த்தால் ஒட்டுமா?
*- ஐந்து பேர், ஒரே கேள்வி*

பார்த்தால் ஒட்டாது. அவர் துடைத்த துண்டை நீங்கள் எடுத்தால் ஒட்டும்.

அக்கா மகனுக்கு 17 வயது. கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, மார்க் சரிந்துவிட்டது. கஞ்சா என்று சொல்லி அத்தான் அடிக்கிறார். நியூரோ டாக்டரோ, 'முதலில் கண் டாக்டரைப் பார்த்து வா' என்கிறார். கண் அவனுக்கு நன்றாகத்தானே தெரிகிறது?
*- ஒரு தாய்மாமன், கோவில்பட்டி*

அந்த நியூரோ டாக்டர் கெட்டிக்காரர். அவர் தேடுவது செம்பை.

சாப்பாட்டில் வருகிற செம்பில் மிச்சத்தைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே தள்ள வேண்டும். தள்ளத் தெரியாத கல்லீரலோடு சிலர் பிறக்கிறார்கள். செம்பு முதலில் கல்லீரலில் தேங்கும், பிறகு மூளையில் படியும். அப்போது கை நடுங்கும், நாக்கு புரளும், குணம் மாறும், வீட்டில் அடி விழும். அதே செம்பு கருவிழியின் ஓரத்திலும் படியும். ஸ்லிட் லாம்ப் முன்னால் மோவாயை வைத்து உட்கார்ந்தால், கருவிழி வெள்ளையைத் தொடும் விளிம்பில் பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு வளையம் தெரியும். நம் கண் இயற்கையிலேயே கறுப்பு என்பதால் வெறும் டார்ச்சில் அது நழுவிவிடும். மூளைவரை போன கேஸ்களில் அநேகமாக எல்லோருக்குமே வளையம் இருக்கும்.

கைசர் 1902-இலும் ஃபிளைஷர் 1903-இலும் வளையத்தைப் பார்த்து எழுதினார்கள். 1912-இல் நோயை விவரித்த வில்சன் பேரை நோய் எடுத்துக்கொண்டது. 1956-இல் ஜான் வால்ஷ் என்ற ஆங்கில டாக்டர் பெனிசிலமைன் கொடுத்துச் செம்பைச் சிறுநீர் வழியே இறக்கிக் காட்டினார். மருந்து பிடித்தால் வளையமும் மெல்ல மங்கும்.

இது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் குறையுள்ள ஜீன் வந்து சேர்ந்தால்தான் வரும். நீங்கள் 'தாய்மாமன்' என்று கையெழுத்துப் போட்டிருப்பதால் கேட்கிறேன்: சொந்தத்தில் கொடுத்தல், எடுத்தல் உண்டா? உண்டோ இல்லையோ, வில்சன் என்று முடிவானால் பையனின் கூடப் பிறந்தவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஆரோக்கியத்துக்கு என்று செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்திருந்தால் அவனுக்கு மட்டும் அது ஆகாது. அத்தானிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள்.

காரட் ஜூஸ் நிறையக் குடிக்கிறேன். உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் காமாலையா?
*- ஷீ.பே., மேலப்பாளையம்*

கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். காமாலை அங்கே ஏறும், காரட் ஏறாது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் ஜூஸை நிறுத்துங்கள், முயலுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

கள்ளச் சாராயம் கண்ணைப் பறிக்கும் என்பது பயமுறுத்தலா?
*- க.இ., திண்டிவனம்*

பயமுறுத்தல் என்றால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்திருக்க மாட்டார்கள். அந்தச் சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. கல்லீரல் அதைப் படிப்படியாக உடைத்து ஃபார்மிக் அமிலமாக்குகிறது, அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது. பல மணி நேரம் கழித்து, கண் முன்னே வெள்ளை வெள்ளையாய்ப் பனி மூடினாற்போல் இருக்கிறது என்பார்கள். போதை தெளியவில்லை என்று பக்கத்தில் இருப்பவர் படுக்க வைத்துவிடுவார். உயிர் தப்பினாலும் பார்வை திரும்பாமல் போகலாம்.

ஒரு விநோதம்: இதற்கான முறிவு மருந்துகளில் ஒன்று எத்தனால், அதாவது நிஜச் சாராயம். கல்லீரலை அதில் மும்முரமாக்கிவிட்டால் மெத்தனாலைத் தொடாது. ஆஸ்பத்திரியில் அளந்து, ரத்தத்தைச் சோதித்துச் சோதித்துக் கொடுப்பது. டாஸ்மாக் கிளைகளில் இந்தச் சேவை இல்லை.

வெள்ளத் தண்ணீரில் நடந்தால் சேற்றுப்புண் வரும், தெரியும். கண்ணுக்கும் வினையா?
*- ஒரு வேளச்சேரிவாசி*

வினைதான், எலி உபயம். 1993 மழையில் மதுரைப் பக்கம் வெள்ளம் வந்தது. அதன் பிறகு கண்ணுக்குள் அழற்சியோடு அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். டாக்டர்கள் துருவிப் பார்த்ததில் அகப்பட்டது எலிக்காய்ச்சல் கிருமி. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் சின்னக் கீறல், ஒரு காய்ச்சல். காய்ச்சல் போய், மறந்தும் போய், மாதங்கள் கழித்துக் கண் சிவக்கும். கண் டாக்டர் 'தண்ணீரில் நடந்தீர்களா?' என்று கேட்டால் சம்பந்தமில்லாத கேள்வி என்று முறைக்காதீர்கள்.

அந்த அரவிந்தை ஆரம்பித்தவர் கை ஊனமானவராமே?
*- சு.வே., சாத்தூர்*

டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதம் விரல்களையெல்லாம் கோணலாக முறுக்கிவிட்டது, ராணுவ டாக்டர் வேலையும் போயிற்று. அந்த விரல்களுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கி, ஒரு லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்தைத் தொடங்கினார். முடக்குவாதம் கண்ணையும் விடாது என்பது கூடுதல் தகவல்: கண்ணீர் வற்றும், வெள்ளைப் பகுதி சிவந்து குடையும். மூட்டுவலிக்காரர்களுக்குக் கண் சிவந்தால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு போதாது.

வயது 26. இடது கண்ணை உருட்டினால் வலி. வெந்நீரில் குளித்தால் அந்தக் கண்ணில் பார்வை மங்குகிறது, ஆறினால் திரும்புகிறது. அம்மா திருஷ்டி என்கிறார்.
*- ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்*

அம்மா பூசணிக்காய் உடைக்கட்டும், நீங்கள் ஒரு சிவப்பு மூடியை எடுங்கள். தண்ணீர் பாட்டில் மூடி போதும். வலது கண்ணால் பாருங்கள், பிறகு இடது கண்ணால். இடதில் சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகத் தெரிந்தால், பார்வை நரம்பு வீங்கியிருக்கலாம். நரம்பின் மேலுறை உரிந்த இடத்தில் சூடு பட்டால் சேதி தடுமாறும். ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் டாக்டர் 1890-இலேயே இதை எழுதிவிட்டார். ஸ்கேன் வராத காலத்தில் ஆளை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்தே, இப்படி நரம்பின் உறையை உரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயைக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். இப்போது எம்.ஆர்.ஐ. இருக்கிறது. இந்த வாரமே போங்கள், மூடி சிவப்பாகத் தெரிந்தாலும் போங்கள்.

மாப்பிள்ளை மோதிரம் என் வீட்டுக்காரருக்கு விரலில் ஏறவில்லை. செருப்பு 8-இலிருந்து 10 ஆகிவிட்டது. காரை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு வருகிறார். மோதிரத்தை அழித்துச் செய்யலாமா?
*- ல.சு., காரைக்குடி*

மோதிரம் சரியாகத்தான் இருக்கிறது அம்மணி, விரல்தான் வளர்கிறது. மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி. அதில் கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோன் பெருகினால் நடுவயதிலும் கை, கால், தாடை பெரிதாகும். கட்டி மேலே எழும்பினால், இரண்டு பார்வை நரம்புகளும் குறுக்கே சந்திக்கிற இடத்தை முட்டும்; பார்வையின் இரண்டு ஓரங்களும் போய்விடும். நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் வருகிற பைக் தெரியாது. கார் சாவியைப் பிடுங்குங்கள். ஆபரேஷன் பெரும்பாலும் மூக்கு வழியாகவே.

பார்வை மங்கின தாத்தா, சுவர் ஓரமாகக் குட்டி மனிதர்கள் ஊர்வலம் போகிறார்கள் என்கிறார். 'நிஜமில்லைன்னு தெரியுது, ஆனா அழகா இருக்கு' என்றும் சொல்கிறார்.
*- பேத்தி, ஸ்ரீவில்லிபுத்தூர்*

நிஜமில்லை என்று அவரே சொல்வதால் மூளை கலங்கவில்லை. 1760-இல் ஜெனீவாவின் சார்ல் போனே தன் தாத்தாவைப் பற்றி இப்படியே எழுதி வைத்திருக்கிறார். கண்ணிலிருந்து சரக்கு வரத்து குறைந்தால் மூளை சொந்தமாகப் படம் எடுக்கத் தொடங்கும். புரையோ வேறெதுவோ என்று கண்ணைக் காட்டுங்கள். ஊர்வலத்தை நிஜம் என்று நம்பி வரவேற்கக் கிளம்பினால் நியூரோ டாக்டரிடமும் காட்டுங்கள். அதுவரை டிக்கெட் இல்லாத படம்.

ஒரு கண்ணில் ஷட்டர் இறங்கின மாதிரி இருட்டு. ஐந்து நிமிஷத்தில் திறந்துகொண்டது. சரியாகிவிட்டதால் விட்டுவிடலாமா?
*- மளிகைக் கடைக்காரர், விருதுநகர்*

திறந்தது அதிர்ஷ்டம். கழுத்து ரத்தக்குழாயிலிருந்து ஒரு துணுக்கு கிளம்பிக் கண்ணுக்குப் போயிருக்கலாம். அடுத்தது மூளைக்குப் போனால் பக்கவாதம். அன்றைக்கே கடையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு 72 வயது. பொட்டுப் பக்கம் தலைவலி, சீப்பு பட்டால் வலி, முறுக்கு வேண்டாம் தோசை மென்றாலே தாடை நோகிறது. நேற்றிலிருந்து ஒரு கண் மங்கல். பல் டாக்டரா, கண் டாக்டரா?
*- அ.ந., தென்காசி*

இதற்குப் பத்திரிகைக்கு எழுதுவார்களா? பொட்டில் ஓடும் தமனி வீங்கியிருக்கலாம். நம் ஊரில் அபூர்வம், ஆனால் வந்தால் ஒரு கண் போய், சில நாளில் அடுத்ததும் போகும். சந்தேகம் வலுத்தால் சோதனை முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல் ஸ்டீராய்டைத் தொடங்கிவிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு, இப்போதே. மிச்சப் பக்கங்களை ஆட்டோவில் படித்துக்கொள்ளலாம்.