அளக்காமல் கொடுத்த குற்றம்

பாபநாசம் திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று உண்டு. 3,000 கலம் கொள்ளும் என்பார்கள். சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், மரக்கால் பிடிக்கிறவன் அசந்தால் நெல் தங்காது. ஒரு மரக்கால் போட்டவன், "ஒரு கலம் போட்டேன், கொடு" என்கிறான். அளந்து பாராமல் வாரிக் கொடுத்தால், மிச்சம் 11 மரக்கால் பிறர் வீட்டு நெல்.

2014 ஏப்ரல் 7 அன்று வெளியே தெரிந்த 'ஹார்ட்பிளீட்' என்னும் மென்பொருள் நோய் இத்தகையது. கண்ட இடம், இணைய இணைப்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் நூலகம். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு முனை சிறு செய்தி அனுப்பும். மறுமுனை அதை அப்படியே திருப்ப வேண்டும். செய்தியில் வகைக்கு 1 பைட், நீளத்துக்கு 2 பைட், பிறகு சரக்கு, கடைசியில் இடம் நிரப்பும் பைட்டுகள். ஓர் எழுத்தை மட்டும் அனுப்பி, நீளம் 65,535 என்று எழுதினாலும் மறுமுனையில் இருந்த வழங்கி நம்பியது. நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் சேர்த்து அனுப்பியது. அதில் கடவுச்சொல் இருக்கலாம், வழங்கியின் அந்தரங்கச் சாவியே இருக்கலாம். மறையாக்கக் கணிதத்தில் குறையில்லை. வழக்கமான பதிவேடுகளில் தடயமும் விழாது.

2012 மார்ச்சில் வெளியான 1.0.1 பதிப்பிலிருந்து 2 ஆண்டுகள் இது யார் கண்ணிலும் படவில்லை. நம்பகச் சான்றிதழ் பெற்ற வழங்கிகளில் சுமார் 17 சதவீதம், ஏறத்தாழ 5 லட்சம், இதற்கு ஆளாகியிருந்தன. ஆண்ட்ராய்டு 4.1.1 கைபேசிகளும் தப்பவில்லை. கனடா வருமான வரித்துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் களவு போயின.

மருந்து எளியது. வகைக்கு 1, நீளத்துக்கு 2, சொன்ன நீளம், நிரப்பு 16 ஆகியவற்றின் கூட்டுத்தொகை வந்துசேர்ந்த அளவை மிஞ்சினால், பதில் சொல்லாமல் தள்ளிவிடு. 1.0.1ஜி பதிப்பு அதைச் செய்தது. ஆனால் களவு போன சாவி போனதுதான்; சான்றிதழ்களையும் கடவுச்சொற்களையும் மாற்றியே ஆகவேண்டும்.

நோய்முதல் நிரலுக்கு வெளியே இருந்தது. உலக வணிகம் சாய்ந்து நின்ற அந்த நூலகத்துக்கு ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரம் உழைத்தவர் ஒருவர். நோய் கண்ட பிறகுதான் லினக்ஸ் அறக்கட்டளை பெரிய நிறுவனங்களிடம் நிதி திரட்டியது.

பட்டாவும் வங்கிக் கணக்கும் கைபேசிக்கு வந்துவிட்ட நாடு நம்முடையது. இத்தகைய பொது நிரல் நூலகங்களை இலவசமாக எடுத்தாளும் அரசும் வங்கிகளும் அவற்றைச் சோதிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஊதியம் ஒதுக்க வேண்டும். அது தர்மமல்ல, பராமரிப்புச் செலவு.