கல்குளத்துக்கு யார் வழிகாட்டி?

ஈரானில் மன்னர் போய் மதகுருமார் வந்தார்கள். மக்களாட்சிக்கு அவர்களை யார்தான் கைபிடித்துக் கூட்டிப்போவது?
– வாசகர், நெய்யூர்

அன்று திருவிதாங்கூரில் இருந்த உங்கள் கல்குளம் தாலுகாவைக் கூட்டிவந்தது யாராம்? 1947 ஜூனில் 'திருவிதாங்கூர் தனிநாடு' என்றார் திவான் சி.பி. ராமசாமி ஐயர். ஜூலை 25-இல் வெட்டுப்பட்டார், ஆகஸ்டில் கிளம்பிவிட்டார். திவானை அனுப்பியது வெட்டு என்பார்கள். 1948 பிப்ரவரியில் வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை வாங்கித் தந்தவர்களோ மக்களாட்சி கேட்டு 1938 முதல் சிறைக்குப் போனவர்கள்!

அதோடு முடிந்ததா? வாக்கில் வந்த முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளை ஆட்சியில்தான், 1954 ஆகஸ்ட் 11-இல், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்கள் போலீசாரால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவரைப் பதவி விலகச் சொன்னவர், அவர் கட்சியின் பொதுச்செயலாளரான ராம் மனோகர் லோகியா. அப்படியொரு லோகியா ஈரானியருக்கும் வாய்க்கட்டும். தாணுபிள்ளை விலகவில்லை. 1955 பிப்ரவரியில் சட்டசபை வாக்கெடுப்பு அவரை இறக்கியது. யாரும் அரிவாள் எடுக்கவில்லை.