ஏரிப் படங்களில் தொங்கும் கிளை: ஓர் ஆய்வு முன்னுரை

கொடைக்கானல் ஏரி 1863இல் உருவானது. உருவாக்கியவர் மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்சு. ஆனால், அந்த ஏரியைப் படமெடுக்கும் முறையை உருவாக்கியவர் யார் என்பதை அறிவுலகம் இன்றுவரை கண்டுகொள்ளவில்லை. மேலே ஒரு கிளை, இடப்பக்கம் ஓர் அடிமரம், நடுவே தண்ணீர். தினக்காலண்டர் அட்டையிலிருந்து லாட்ஜ் வரவேற்பறைச் சுவர் வரை இதே இலக்கணந்தான்.

மூலத்தைத் தேடிப் போனால் 17ஆம் நூற்றாண்டு ஓவியர் கிளாட் லொரைனிடம் போய் நிற்கிறோம். ஓரத்தில் கறுத்த மரத்தை நிறுத்தி, பார்ப்பவர் கண்ணை ஒளிரும் நீர்ப்பரப்புக்குள் தள்ளிவிடுவது அவர் வழக்கம். அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலச் சுற்றுலாக்காரர்கள் அவர் பெயரிலேயே ஒரு கறுப்புக் குவிகண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, இயற்கைக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடிக்குள் இயற்கையை ரசித்தார்கள். கவிஞர் தாமஸ் கிரே 1769இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் அப்படியே மல்லாந்து விழுந்து விரல்முட்டிகளைப் பெயர்த்துக்கொண்டார். செல்ஃபி எடுத்து விழுந்தோர் பட்டியலை இவரிலிருந்து தொடங்குவதே முறை.

கிளை அழகுக்காக என்பது பாமரர் நம்பிக்கை. அது மறைப்பதற்காக என்பதே எமது துணிபு. உச்சிவெயிலில் வானம் துவைத்துப் போட்ட வேட்டிபோல வெறுமையாகக் கிடக்கும். கிளை அதை மூடுகிறது. எதிர்க்கரையில் விளம்பரப் பலகை இருந்தால், இரண்டடி நகர்ந்து அடிமரத்தை அதன்மேல் கொண்டுவந்துவிடலாம். பெடல் போட்டில் கத்திக்கொண்டு வரும் கூட்டத்தை மறைக்க மட்டும் ஆலமரமே வேண்டும்.

இலை தொங்கும் தைலமரம் மேல்விளிம்புக்கு உகந்தது. பைன் நெட்டையாக வளர்ந்து, கிளையை எட்டாத உயரத்தில் வைத்திருப்பதால் ஓரத்துக்கு மட்டுமே ஆகும். கிளைநுனி எதிர்க்கரை மரவரிசையைத் தொட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்பாகிவிடும். முழங்காலை மடக்கிக் கேமராவைத் தாழ்த்தினால் கிளை மேலேறி இடைவெளி விடும். வெளிச்சத்தைத் தண்ணீரில் வைத்தே அளக்க வேண்டும், கிளை கரியாகட்டும். செல்போனுக்கு இருட்டைக் கண்டால் பொறுக்காது. இலை இலையாக வெளுத்துக் காட்டி, மறைக்க வந்ததை மணமேடையில் உட்கார்த்திவிடும். திரையில் தண்ணீரைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுப்பதே பரிகாரம்.

மரமே இல்லாத கரையில் என்ன செய்வது? கீழே கிடக்கும் கிளையை எடுத்துக் கேமராவுக்கு மேலே ஒருவர் பிடிப்பது தொழில்காரர்கள் அறிந்த உபாயம். குடும்பச் சுற்றுலாக்களில் இப்பதவி பெரும்பாலும் மைத்துனருக்கே வாய்க்கிறது. “மச்சான், இன்னும் கொஞ்சம் தூக்குங்க... ஆட்டாதீங்க.” பின்னாளில் ஆல்பத்தில் அவரைத் தேடும் ஆய்வாளர்கள், படத்தின் மேல் மூலையில் இலைகளுக்கிடையே நான்கு விரல்களையும் ஒரு ராசிக்கல் மோதிரத்தையும் காணலாம்.