எங்கள் ஊர் மருந்து

'மருந்து' என்றதும் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தால் நீங்கள் வெளியூர். சிவகாசிப் பக்கம் அது பட்டாசுக்கான அலுமினியப் பவுடரும் கந்தகமும் வெடியுப்பும். மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும் அறை என்று அதற்குத் தனித்தனி வீடே உண்டு. சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும் பெண்களின் கை, முழங்கை வரை வெள்ளி பூசியதுபோல் மினுங்கும். தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் மிச்சம் இருக்கும்.

இன்னொரு மருந்தும் உண்டு, அது பன்றிக்கு. அமெரிக்கப் பண்ணைகளில் சினைப் பன்றிக்கு ஃபுளூ தடுப்பூசி போடுகிறார்கள். எதிர்ப்புச் சக்தி சீம்பாலோடு குட்டிக்குப் போய்ச் சேர்கிறது. கிருமியோ வேஷம் மாற்றிக்கொண்டே இருக்கும். பொது ஊசி பலிக்காவிட்டால், அந்தப் பண்ணைப் பன்றியின் மூக்குச் சளியில் கிருமியைப் பிடித்து, அந்தப் பண்ணைக்கென்றே தனி ஊசி தயாரிக்கிறார்கள். பன்றி இருமினால் எந்தக் கிருமி, எந்த ரகம் என்று விசாரணை!

கொடுத்துவைத்த பன்றி.

இங்கே பட்டாசு ஆலை வெடித்து, 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12, அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. வெடித்த மறுநாள் பேப்பரைப் பிரித்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: உராய்வு. உரசியதாகவே இருக்கட்டும். நாலு பேருக்கான அறையில் எத்தனை பேரை உட்கார வைத்தீர்கள்? அறையை உள்குத்தகைக்கு விட்டது யார்? தீபாவளி ஆர்டர் என்று விரட்டியது யார்? இவர்கள் யாரும் எதிலும் உரசுவதில்லை. செத்தவர் கை மட்டும்தான் உரசும்.

பன்றியும் இப்படிப் பழி சுமந்ததுதான். 'பன்றிக் காய்ச்சல்' கொண்டுவந்த எச்1என்1 கிருமியின் பூர்வீகம் பன்றி. ஆனால் 2009-ல் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது மனிதர்கள். பன்றிகளுக்கே நாம் திருப்பி ஒட்டவிட்டோம். எகிப்து சுமார் 3 லட்சம் பன்றிகளைக் கொல்ல உத்தரவு போட்டது. ஆனாலும் அந்த ஏப்ரல் 30-லேயே உலக சுகாதார நிறுவனம் நோயின் பெயரிலிருந்து பன்றியை நீக்கியது. எங்கள் 'உராய்வு' இன்னும் நீங்கவில்லை. காலண்டர் அச்சடிக்கிற ஊர் அல்லவா, அந்தச் சொல்லையும் மொத்தமாக அச்சடித்துக்கொண்டால் தேதியை மட்டும் கிழித்துக்கொள்ளலாம்.

அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த வெடிப்பில் எங்களைப் பன்றியாகவே பாவித்து விசாரியுங்கள். எந்த அறை, எத்தனை பேர், யார் குத்தகை, என்ன மருந்து என்று ஆலை ஆலையாக எழுதுங்கள்.