பார்வைக்கு ஒரு அடுப்படி

இப்போது யாரும் ஒரு வீடு கட்டுவதில்லை, இரண்டு கட்டுகிறார்கள். ஒன்று கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் பார்க்க. இன்னொன்று, அவர்கள் மொய் எழுதிவிட்டுப் போன பிறகு நாம் குடியிருக்க. பேங்க் லோன் முதல் வீட்டுக்கு மட்டும்தான் கிடைக்கும். இரண்டாவதை மிச்சம் மீதி சிமெண்டில், கொத்தனாரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் என் மச்சினன் மூன்று சென்ட் வாங்கினான். 1,307 சதுர அடி. அதற்குள் டபுள் ஹைட் ஹால், தூண் வைத்த முற்றம், ஐலேண்ட் கிச்சன், ஊஞ்சல் எல்லாம் வேண்டும் என்றான். இன்ஜினியர் பேப்பரை நேராகவும் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"கார் எங்க மாப்ள நிக்கும்?" என்று கேட்டேன்.

"தெருவுல நிக்கட்டும் மாமா. உள்ள விட்டா எலிவேஷனை மறைச்சிரும்."

அந்த எலிவேஷனின் முப்பரிமாணப் படத்தைப் பத்து மாதம் போனில் வைத்துக்கொண்டு, கல்யாண வீடு, துக்க வீடு என்று பார்க்காமல் எல்லோரிடமும் காட்டினான். படத்தில் வீட்டின் இரு பக்கமும் புல்வெளி, வாசலில் ஒரு வெளிநாட்டுக் கார். நிஜத்தில் ஒரு பக்கம் அடுத்த வீட்டு பாத்ரூம் ஜன்னல், மறுபக்கம் ஈ.பி. கம்பம். கம்பத்தை மறைக்க முன்சுவரில் சி.என்.சி. கட்டிங் ஜாலி போட்டார்கள். கம்பம் மறையவில்லை. ஜாலியின் ஒவ்வொரு ஓட்டையிலும் புழுதி குடியேறியது.

டபுள் ஹைட் ஹால் என்றால், இரண்டு மாடி உயரத்துக்கு நடுவில் தளமே போடாமல் விடுவது. ஒரு பெட்ரூமுக்கான இடத்தைக் காற்றுக்குத் தாரை வார்க்கிறோம் என்று அர்த்தம். உச்சியில் சரவிளக்கு. அதில் ஒரு பல்ப் போனால் சாரம் கட்ட ஆள் வர வேண்டும். ஊரில் விற்கிற எந்த ஒட்டடைக் குச்சியும் இருபது அடிக்கு எட்டாது என்பதை மனிதர்களுக்கு முன்பே சிலந்திகள் கண்டுபிடித்துவிட்டன. அங்கே ஏ.சி. போட்டால் குளிர் எங்கே போகிறதென்றே தெரியாது. அதனால் மே மாதம் முழுக்கக் குடும்பமே பத்துக்குப் பத்து பெட்ரூம் ஒன்றில், பாய் விரித்து, வரிசையாகப் படுத்துக்கொள்கிறது.

முற்றம் வந்த கதை வேறு. காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், அங்கத்திய பழைய வீடுகளின் வளவை, அதாவது நடு முற்றத்தை, பார்த்துவிட்டு வந்தான். அந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் பகட்டுக்குக் கூச்சப்பட்டவர்கள் இல்லை. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று கப்பலில் இறக்கியவர்கள். ஆனால் அவர்கள் வளவில் மழை விழுந்தது, வத்தல் காய்ந்தது, கல்யாணம் நடந்தது. அடுப்படிக்கென்று பின்னால் ஒரு கட்டையே முழுசாக ஒதுக்கினார்கள். மச்சினன் ஒதுக்கியது ஆறடிக்கு ஆறடி. முதல் மழையில் சாரல் சோபா வரை வந்தது. மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டார்கள். அதற்கு முன்பே திருடனுக்காகக் கம்பி, கொசுவுக்காக வலை. இப்போது அதன் வழியாக வெயில் மட்டும் வருகிறது.

முற்றத்தின் தரையில் ஆத்தங்குடிக் கல். அதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, கையாலேயே வண்ணக் குழம்பு ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊற வைத்து எடுக்கிற கல். சூளையே கிடையாது. ஆள் நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கத்தான் அதற்குப் பளபளப்பு ஏறும். மச்சினன் அது அழுக்காகிவிடும் என்று மேலே கார்ப்பெட் விரித்திருக்கிறான்.

சரி, அடுப்படிக்கு வருவோம்.

மாடுலர் கிச்சனுக்கு வெள்ளை குவார்ட்ஸ் மேடை. மஞ்சளும் புளியும் தாராளமாகப் புழங்குகிற நாட்டில் சமையல் மேடைக்கு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தவர் அநேகமாக வீட்டில் சமைக்காதவர். கைப்பிடி இல்லாத கதவுகள். எங்கே தொட்டால் திறக்கும் என்று வந்த பெண்கள் எல்லாம் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்கள். கரண்டிக்கு ஒரு தட்டு, முள்கரண்டிக்கு ஒரு தட்டு. அந்த வீட்டில் முள்கரண்டி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று பால் காய்ச்சும் நேரம். இன்டீரியர் போட்ட பையன் அடுப்புப் பக்கத்தில் துணியோடு நின்றான்.

"மேடம், பொங்குறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணிருங்க. பர்னர்ல இறங்கிட்டா கஷ்டம்."

என் அத்தை, அதாவது மாமியார், அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பொங்காத பாலைக் காய்ச்சுறதுக்கா தம்பி இம்புட்டு சனம் வந்திருக்கு?"

பால் பொங்கியது. எல்லோரும் கிழக்குப் பக்கம் வழிந்ததைப் பார்த்துக் குலவையிட்டார்கள். அந்தப் பையன் மட்டும் எந்தப் பக்கம் வழிந்தாலும் துடைத்தான். அத்தோடு அந்த அடுப்பின் சமையல் வாழ்க்கை முடிந்தது. இன்று அதில் விருந்தாளிக்குக் காபி மட்டும் போடுகிறார்கள். குழம்பு, வறுவல், கருவாடு எல்லாம் பின்கதவுக்கு வெளியே, தகரக் கூரைக்கு அடியில். கடப்பாக் கல் மேடை, பழைய இரண்டு பர்னர் ஸ்டவ், கிரைண்டர், இட்லிச் சட்டி. அதற்குப் பெயர் ஒர்க் ஏரியா. அப்படியென்றால் உள்ளே இருப்பது என்ன ஏரியா என்று யாரும் கேட்பதில்லை.

பாத்ரூமிலும் இதே கதைதான். கூரையிலிருந்து மழைபோல் கொட்டுகிற ஷவர் வைத்தான். ஒரு பார் அழுத்தத்துக்குத் தண்ணீர் ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்க வேண்டும். இவன் தொட்டி ஷவருக்கு எட்டடி மேலே இருக்கிறது. கால் பார்கூடத் தேறாது. மழை வரவில்லை, சொட்டியது. பிரஷர் பம்ப் வாங்கினான். கரண்ட் இருக்கும்போது உள்ளே குற்றாலம், போனால் தலை முழுக்க ஷாம்பூவோடு ஒரு மனிதர். கதவுக்குப் பின்னால் பச்சை வாளியும் மக்கும் தயாராக நிற்கின்றன. பூஜையறையில் நிறம் மாறும் எல்.இ.டி. முருகன் சிவந்து, பச்சையாகி, ஊதாவாகிறார். விபூதி எடுக்க டார்ச் வேண்டும்.

போன வாரம் மச்சினன் வீட்டைப் பார்க்க அவன் ஆபீஸ் நண்பர் குடும்பத்தோடு வந்தார். அவர் மனைவிக்கு ஐலேண்ட் பிடிக்கவில்லை, சரவிளக்கும் பிடிக்கவில்லை. பின்பக்கம் போனதும் முகம் மலர்ந்துவிட்டது. "எங்களுக்கும் இதே மாதிரி ஒர்க் ஏரியா வேணுங்க. ஆனா கொஞ்சம் நீட்டா, மாடுலரா" என்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தை போதும். மறுநாளே அதே இன்டீரியர் பையன் டேப்போடு வந்து தகரக் கூரையை அளந்துகொண்டிருந்தான். கடப்பாக் கல்லை எடுத்துவிட்டுக் குவார்ட்ஸ், ஒரு சிம்னி, அடியில் தட்டுகள். என்ன கலர் என்று கேட்டேன். வெள்ளையாம்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. காம்பவுண்டு ஓரம், வேப்பமரத்தடியில் இடத்தைக் கண்ணாலேயே அளந்தார்.

"மாப்பிள்ளை, கட்டுன மிச்சம் செங்கல் மாடியில கிடக்கு. ஒரு மூணு எடுத்துப் போடுங்க. சாயந்திரம் மீன் வருது."